ஈயம் தேடிய கல்வி



ஆறாம் படிவம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தை நிரப்ப உட்காரும் பிள்ளைகள் மருத்துவம், சட்டம், பொறியியல், கணக்கியல் என்று வரிசையாகக் குறித்துக்கொண்டு போவார்கள். அந்தப் பட்டியலில் நிலவியல் என்ற ஒரு துறையும் இருக்கும். பெரும்பாலோர் அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். யாரேனும் ஒருவர் அதில் கண்ணை நிறுத்தினாலும், "கல்லைப் படித்து என்ன செய்யப்போகிறாய்?" என்று வீட்டில் கேட்பார்கள். பிள்ளையின் பிழைப்பைப் பற்றிக் கவலைப்படும் பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விதான் இது. வேலைகளின் பெயரை அடுக்கி இதற்குப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் இந்தக் கல்வி நம் நாட்டிற்கு ஏன் வந்தது, யாருக்குப் பயன்பட்டது, பிறகு எப்படி மாறியது என்று தெரிந்துகொண்டால் விடை இன்னும் தெளிவாகும். ஆகவே, இன்று அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பள்ளியில் நாம் படித்த பூகோளம் வேறு, நிலவியல் வேறு. நாடுகள், ஆறுகள், மக்கள், விளைபொருள்கள் ஆகியவற்றைப் பூகோளம் சொல்லும். நம் காலடியில் இருக்கும் பாறை எது, அது எப்போது தோன்றியது, எப்படி இந்த இடத்திற்கு வந்தது, இனி என்ன ஆகும் என்று கேட்பது நிலவியல். நிலநடுக்கத்தையும் பூமியின் உள்ளமைப்பையும் அளந்து பார்க்கும் புவி இயற்பியல், மண்ணிலும் பாறையிலும் உள்ள தனிமங்களை ஆராயும் புவி வேதியியல், நிலத்தடி நீரைப் பற்றிய படிப்பு ஆகியவை இதனோடு சேரும்போது புவி அறிவியல் என்கிறோம்.

மலாயாவில் இந்த அறிவைத் தேடவைத்த பொருள் ஈயம். பேராக்கின் லாருட் பகுதியிலும், பின்னர் கிந்தா பள்ளத்தாக்கிலும் 19-ஆம் நூற்றாண்டில் ஈயம் தோண்டும் தொழில் பெருகியது. அந்நூற்றாண்டின் இறுதியில் உலகத்திற்குக் கிடைத்த ஈயத்தில் ஏறத்தாழப் பாதி மலாய் மாநிலங்களிலிருந்து சென்றது. 1885-ஆம் ஆண்டில் தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை போடப்பட்ட நாட்டின் முதல் ரயில் பாதையே ஈயத்தைக் கடற்கரைக்குக் கொண்டுபோவதற்காக அமைந்ததுதான். பின்னர் நீண்டுகொண்டே போன ரயில் பாதைகளிலும் சாலைகளிலும் நம் முன்னோர்கள் சிந்திய வியர்வை நாம் அறிந்தது.

ஈயத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்? ஓடைகளில் பெண்கள் இறங்கி நின்று, 'டூலாங்' என்னும் அகன்ற மரத்தட்டில் மணலை அள்ளி நீரில் சுழற்றுவார்கள். வெண்மணல் வழிந்து ஓடிவிடும். கரிய துகள்கள் தட்டின் நடுவில் தங்கிவிடும். ஈயத்தாது தண்ணீரைப் போல் ஏறத்தாழ 7 மடங்கு கனமானது. சாதாரண மணல் இரண்டரை மடங்குக்குச் சற்றே மேல். எடையில் உள்ள இந்த வேறுபாட்டைக் கை அறிந்திருந்தது. எழுத்தறியாதவர்களும் அறிந்திருந்த நல்ல அறிவு இது. ஆனால் மேல்மண்ணில் எளிதாகக் கிடைத்த ஈயம் குறையக் குறைய, அடுத்து எங்கே தோண்டுவது என்ற கேள்வி எழுந்தது. அதற்குத் தட்டு மட்டும் போதவில்லை.

இந்நிலையில்தான், 1903-ஆம் ஆண்டு ஜே. பி. ஸ்கிரிவனர் என்ற ஆங்கிலேயர் மலாய் ஐக்கிய மாநிலங்களின் அரசாங்க நிலவியலாளராக நியமிக்கப்பட்டார். அவருடைய அலுவலகம் ஈய வயல்களின் நடுவே பத்து காஜாவில் அமைந்தது. நாட்டின் நிலவியல் ஆய்வுத் துறை அங்கே தொடங்கியது எனலாம். காடும் ஓடையும் கடந்து நடந்து, பாறைகளைச் சேகரித்து, வரைபடம் வரைந்த அவர், 1931-இல் மலாயாவின் நிலவியல் பற்றி ஒரு பெரிய நூலையும் வெளியிட்டார்.

கிந்தாவின் அமைப்பைச் சற்று மனத்தில் வரைந்து பாருங்கள். கிழக்கே நாட்டின் நடுமலைத்தொடர், மேற்கே கிளேடாங் மலைத்தொடர். இரண்டும் கருங்கல். நடுவில் சுண்ணாம்புப் பாறை. ஏறத்தாழ 20 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்கடியில் உருகிய குழம்பு மெல்ல ஆறிக் கருங்கல்லாக இறுகியபோது, அதிலிருந்து பிரிந்த வெந்நீர்மங்கள் பாறையின் வெடிப்புகளில் ஈயத்தைப் படியவைத்தன. பிறகு மழையும் வெயிலும் மலையைக் கரைத்தன. ஆறுகள் மணலை அடித்துக்கொண்டு போயின; கனமான ஈயத்தாது தூரம் போக முடியாமல் பள்ளத்தாக்கிலேயே தங்கியது. சுண்ணாம்புப் பாறையின் மேற்பரப்பு நீரில் கரைந்து ஊசிகளும் பள்ளங்களுமாக இருந்ததால், அந்தப் பள்ளங்கள் ஈயத்தைப் பிடித்துவைத்துக்கொண்டன.

இது இன்று நமக்கு எளிய கதை. அன்று அப்படி இல்லை. கோப்பேங் பக்கத்தில் கற்களும் களிமண்ணும் கலந்து கிடந்த படிவங்கள் மிகப் பழங்காலத்துப் பனியாறுகள் கொண்டுவந்து குவித்தவை என்று ஸ்கிரிவனர் 1912-இல் எழுதினார். அவை பக்கத்துப் பாறைகளே மக்கி உண்டானவை என்று டபிள்யூ. ஆர். ஜோன்ஸ் என்ற மற்றொரு நிலவியலாளர் 1917-இல் மறுத்தார். களிமண்ணைப் பற்றி இத்தனை வாதமா என்று தோன்றலாம். ஈயம் எங்கோ தொலைவிலிருந்து வந்ததென்றால் தேடவேண்டிய இடம் வேறு. பக்கத்து மலையிலிருந்து வந்ததென்றால் தேடவேண்டிய இடம் வேறு. பலருடைய முதலீடும் வேலையும் அந்த விடையைப் பொறுத்து நின்றன. பிற்கால ஆய்வுகள் பனியாற்றுக் கொள்கையை ஏற்கவில்லை. 'இது எப்படி இங்கே வந்தது?' என்று கேட்டு, சான்று காட்டி விடை சொல்வதே நிலவியல் மாணவன் கற்கும் முதற்பாடம்.

1913-ஆம் ஆண்டில் பத்து காஜா அருகே மலாயாவின் முதல் ஈயக் கப்பல் வேலை தொடங்கியது. தான் தோண்டிய குளத்திலேயே மிதந்து, வாளிச் சங்கிலியால் அடிமண்ணை வாரி எடுக்கும் பெரும் இயந்திரம் அது. அத்தகைய கப்பல் ஒன்றை இன்றும் தஞ்சோங் துவாலாங்கில் காணலாம். 1938-இல் கட்டப்பட்டு 1982 வரை உழைத்த அது இப்போது காட்சிப் பொருளாக நிற்கிறது. இவ்வளவு பெரிய இயந்திரத்தை இறக்குவதற்கு முன், நிலத்தில் வரிசையாகத் துளையிட்டு, எந்த ஆழத்தில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று கணக்கிட்டார்கள்.

ஆனால் இந்த அறிவு யாரிடம் இருந்தது? நிலம் நம்முடையது, உழைத்தவர்கள் இங்கு வாழ்ந்தவர்கள், நிலத்தைப் படித்தவர்களோ பிரிட்டனிலிருந்து வந்தவர்கள். இந்த நிலை 1950-களில் மாறத் தொடங்கியது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறை ஏற்பட்டது. உள்நாட்டு இளைஞர்கள் சுத்தியலும் திசைகாட்டியும் ஏந்திக் காட்டுக்குள் சென்றார்கள். 1967-இல் மலேசிய நிலவியல் கழகம் தோன்றியது. 1973-இல் மலாயாப் பல்கலைக்கழக ஆசிரியர்களான கோபெட், ஹட்சிசன் இருவரும் பதிப்பித்த மலாய்த் தீபகற்ப நிலவியல் நூல் வெளிவந்து, மாணவர்களுக்குப் பல ஆண்டுகள் துணையாக இருந்தது. இன்று பாங்கியில் உள்ள தேசியப் பல்கலைக்கழகத்திலும், சபா பல்கலைக்கழகத்திலும், கிளந்தான் பல்கலைக்கழகத்திலும் இத்துறை உண்டு. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகத்தில் புவி இயற்பியல் கற்பிக்கப்படுகிறது. எண்ணெய் தொடர்பான புவி அறிவியலைப் பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் படிக்கலாம். அது இருப்பது ஒருகாலத்தில் ஈயத்துக்குப் பெயர்பெற்ற துரோனோவுக்கு அருகில்.

எண்ணெய் என்றதும் சரவாக்கின் மீரி நினைவுக்கு வரும். அங்குள்ள மக்கள் கையால் கிணறு தோண்டி, ஊறிவந்த எண்ணெயை விளக்கெரிக்கப் பயன்படுத்தி வந்தார்கள். 1909-இல் அங்கு வந்த எர்ப் என்ற சுவிட்சர்லாந்து நிலவியலாளர், பாறை அடுக்குகள் கவிழ்த்த படகைப்போல் மேல்நோக்கி வளைந்திருப்பதைக் கண்டார். எண்ணெய் நீரைவிட இலேசானது, மேலே ஏறும். கெட்டியான ஓர் அடுக்கு மூடியாக இருந்தால், அந்த வளைவின் உச்சியில் தங்கிவிடும். 1910 டிசம்பரில் கனடா குன்றின் மேல் தோண்டிய முதல் கிணற்றில் எண்ணெய் வந்தது. 1972 வரை அது எண்ணெய் தந்தது. பின்னர் தேடல் கடலுக்குள் சென்றது. 1974-இல் பெட்ரோனாஸ் நிறுவப்பட்டபோது, உள்நாட்டு நிலவியலாளர்களுக்குப் புதியதொரு வாசல் திறந்தது.

பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பார்கள்? கனிமங்களையும் பாறைகளையும் இனங்காண்பது, புதைபடிவங்களைக் கொண்டு அடுக்குகளின் வயதை அறிவது, பாறை மடிப்புகளையும் முறிவுகளையும் அளப்பது ஆகியவை முதலாண்டுகளில் வரும். ஒரு சொட்டு அமிலம் விட்டால் நுரைப்பது சுண்ணாம்புப் பாறை என்பதும், கைக்கண்ணாடியில் மின்னும் துகள் எது என்பதும் பழக்கத்தால் வரும். பின்னர் நிலத்தடி நீர், பொறியியல் நிலவியல், எண்ணெய் நிலவியல், கணினி வரைபடம் என்று பிரிவுகள் விரியும். எல்லாவற்றிலும் முக்கியமானது களப்பணி. நம் நாட்டு வெப்பத்திலும் மழையிலும் பாறைகள் ஆழமாக மக்கி, மண்ணாலும் காட்டாலும் மூடிக்கிடக்கின்றன. ஆகவே ஓடைப் படுகையிலும், சாலைக்காக வெட்டிய சரிவுகளிலும்தான் நல்ல பாறையைப் பார்க்க முடியும். அட்டை கடிக்கும், மழை நனைக்கும். உடல் உழைப்புக்கு அஞ்சாதவர்களுக்கு ஏற்ற படிப்பு இது. பெண்பிள்ளைகளைக் காட்டுக்கு அனுப்பத் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்று அவர்களும் சுத்தியலோடு செல்கிறார்கள்.

இனி, வரலாற்றின் திருப்பத்திற்கு வருவோம். 1985 அக்டோபரில், ஈயத்தின் விலையைத் தாங்கிப் பிடித்துவந்த அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கையை விரித்தது. விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. சுரங்கங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. பகாங்கில் பூமிக்கடியில் குடைந்துகொண்டே போன சுங்கை லெம்பிங் சுரங்கமும் 1986-இல் நின்றது. ஈயத்துக்காகப் பிறந்த கல்வி ஈயத்தோடு முடிந்துவிடும் என்று எண்ணியிருக்கலாம். அப்படி ஆகவில்லை. ஏன்?

காரணத்தை அறிய ஈப்போவுக்கே திரும்புவோம். தைப்பூசத்தன்று ஈப்போத் தமிழர்கள் காவடி எடுத்துச் செல்லும் கல்லுமலைக் கோயிலை நாம் அறிவோம். அக்கோயில் குனோங் சீரோ என்னும் சுண்ணாம்புக் குன்றின் அடியில் இருக்கிறது. 1973 அக்டோபர் 18 அன்று அந்தக் குன்றின் செங்குத்தான முகத்திலிருந்து ஒரு பெரும்பாறை பிளந்து, கீழிருந்த வீடுகளின் மேல் விழுந்தது. ஏறத்தாழ 40 பேர் மாண்டார்கள். சுண்ணாம்புப் பாறை மழைநீரில் மெல்லக் கரையும். குன்றின் அடிவாரம் நீரால் அரிக்கப்பட்டு உள்வாங்கிவிடும். மேற்பகுதி தாங்கலின்றி நீட்டிக்கொண்டு நிற்கும். அதன் வெடிப்புகள் அகலும். எந்த நாளில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எந்தக் குன்றின் எந்தப் பக்கம் ஆபத்தானது என்று சொல்ல முடியும். அதைச் சொல்லப் பயிற்சி பெற்றவர் நிலவியலாளர். ஈயத்தை எங்கே தோண்டலாம் என்று கேட்ட ஊர், எங்கே வீடு கட்டக்கூடாது என்றும் கேட்க வேண்டியதாயிற்று.

அந்தக் கேள்வியைக் கேட்கத் தவறும் இடங்களில் நாம் உயிர்களை இழந்தோம். 1993 டிசம்பர் 11 அன்று உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடிகளில் ஒன்று, பின்னாலிருந்த மலைச்சரிவு பெயர்ந்து வந்ததால் சாய்ந்தது. 48 பேர் இறந்தார்கள். 2003 நவம்பரில் புக்கிட் லஞ்சானில் பாறை சரிந்து, நெடுஞ்சாலை ஆறு மாத காலம் மூடிக்கிடந்தது. அதன்பின் 2004-இல் பொதுப்பணித் துறையில் சரிவுகளுக்கென்றே தனிப்பிரிவு அமைக்கப்பட்டது. 2022 டிசம்பர் 16 அன்று பத்தாங் காலியில் முகாமிட்டு உறங்கிக்கொண்டிருந்தவர்கள் மேல் மண் சரிந்து 31 பேர் மாண்டதை இன்னும் நாம் மறக்கவில்லை. மலைச்சரிவு என்பது விதி என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. சரிவின் கோணம், மண்ணின் ஆழம், நீர் வடியும் வழி ஆகியவை அளக்கக்கூடியவை. அளந்ததைச் சொல்ல ஒருவர் வேண்டும். சொன்னதைக் கேட்க ஒருவர் வேண்டும்.

சட்டமும் இதை உணர்ந்து மாறியது. 1999-இல் நிலவியல் ஆய்வுத் துறையும் சுரங்கத் துறையும் ஒன்றாகிக் கனிம, புவி அறிவியல் துறை ஆயிற்று. 2008-ஆம் ஆண்டின் நிலவியலாளர் சட்டம், மருத்துவரையும் பொறியாளரையும் போல நிலவியலாளரும் பதிவு பெற்றுத் தொழில் செய்ய வழிவகுத்தது. கையெழுத்திடுபவர் பொறுப்பேற்கிறார் என்பதே இதன் பொருள்.

இப்போது வேலைகளைப் பற்றிச் சொல்லலாம். அரசாங்கத்தில் கனிம, புவி அறிவியல் துறை இருக்கிறது. கட்டுமானத்திலும் சுரங்கப்பாதை அமைப்பிலும் நிலவியலாளர் இன்றி வேலை தொடங்காது. கோலாலம்பூரின் இரட்டைக் கோபுரத்துக்காக நிலத்தை ஆராய்ந்தபோது, முதலில் குறித்த இடத்தின் அடியில் ஒருபுறம் சுண்ணாம்புப் பாறை மேலெழுந்தும், மறுபுறம் செங்குத்தாக ஆழத்தில் இறங்கியும் இருப்பது தெரிந்தது. அப்படியே கட்டியிருந்தால் கோபுரம் சமமாக நின்றிருக்குமா? இடத்தை ஏறத்தாழ 60 மீட்டர் தள்ளிவைத்தார்கள். அடித்தூண்களைச் சில இடங்களில் 100 மீட்டருக்கும் மேல் ஆழமாக இறக்கினார்கள். சிங்கப்பூரில் நிலம் போதாமையால், ஜூரோங் தீவின் அடியில் பாறையைக் குடைந்து எண்ணெய்ப் பொருள்களைச் சேமிக்கும் குகைகள் 2014-இல் திறக்கப்பட்டன. எந்தப் பாறை தாங்கும் என்று அறிந்த பின்னரே அங்கே குடைந்தார்கள்.

குடிநீரும் இக்கல்வியின் எல்லைக்குள் வருகிறது. கிளந்தானில் கோத்தா பாரு வட்டாரம் நிலத்தடி நீரை நம்பி வாழ்கிறது. நிலநடுக்கமும் கடல்கோளும் நமக்கில்லை என்றிருந்த எண்ணத்தை 2004 டிசம்பர் 26 மாற்றியது. பினாங்கு, கெடா முதலிய இடங்களில் 68 உயிர்கள் போயின. 2015 ஜூன் 5 அன்று ரானாவ் நிலநடுக்கத்தில் கினபாலு மலையில் 18 பேர் இறந்தனர். இவற்றைக் கண்காணிக்கப் புவி இயற்பியல் படித்தவர்கள் வேண்டும். 50 கோடி ஆண்டுகளுக்கும் மேற்பட்ட மச்சிஞ்சாங் பாறைகளைக் கொண்ட லங்காவி 2007-இலும், கினபாலு 2023-இலும் யுனெஸ்கோவின் புவிப்பூங்காக்களாக ஏற்கப்பட்டன. அங்கே வழிகாட்டவும் காக்கவும் ஆட்கள் தேவை. ஈயம் கழுவிய மிச்சமான 'அமாங்' மணலில் கதிரியக்கப் பொருளும், அருமண் தனிமங்களும் உண்டு. அதைக் கையாள்வதில் இலாபத்தோடு பக்கத்துக் குடியிருப்பையும் நினைப்பவர் வேண்டும்.

குறைகளையும் மறைக்காமல் சொல்லவேண்டும். எண்ணெய் விலை 2014-க்குப் பின் விழுந்தபோது பலர் வேலை இழந்தனர். ஈயத்துக்கு நேர்ந்தது எண்ணெய்க்கும் நேரலாம். ஆகையால் ஒரே பொருளை நம்பிப் படிக்காமல், பாறை, நீர், சரிவு, அளவைக் கருவி என்று அடித்தளத்தை அகலமாகப் போட்டுக்கொள்வது அறிவுடைமை. பொருளின் விலை ஏறும், இறங்கும். மக்கள் நிலத்தின் மேல் வாழ்வது மட்டும் நிற்காது.

பள்ளியில் இருக்கும் பிள்ளைகள் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் விடாமல் படிக்கட்டும். பள்ளி விடுமுறையில் பெற்றோர்கள் அவர்களை ஈப்போ நிலவியல் அருங்காட்சியகத்துக்கு அழைத்துச் செல்லலாம். சாலை ஓரம் மலையை வெட்டியிருக்கும் இடத்தில் செம்மண் எங்கே முடிகிறது, பாறை எங்கே தொடங்குகிறது என்று காட்டலாம். அவற்றைப் பார்த்துவிட்டு ஏன், எப்படி என்று கேட்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், கல்லைப் படித்து என்ன செய்யப்போகிறாய் என்று அதனிடம் கேட்காதீர்கள். நம் வீட்டின் பின்னால் இருக்கும் சரிவு நிற்குமா என்று நமக்குச் சொல்லப்போகிறவர் நாளை அந்தப் பிள்ளையாக இருக்கலாம்.